மேஸ்திரிக்குச் சர்க்கரை

உப்பில் எறும்பு மொய்க்கிறது என்று யாராவது வந்து சொன்னால், எங்கள் பக்கத்தில் அந்த ஆளை முதலில் நிழலில் உட்கார வைத்து மோர் கொடுப்போம். வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்னவர் திண்டிவனத்திலிருந்து லாரியோடு வந்த வியாபாரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீற்று போட்டு மூடியிருந்த உப்பு அம்பாரத்தின் ஓரத்தில் குனிந்து நின்று, வா வா என்று என்னைக் கைகாட்டி அழைத்தார்.

போய்ப் பார்த்தேன். மொய்க்கத்தான் செய்தது. அம்பாரத்தின் அடியில் ஈரமாக இருந்த ஒரு இடத்தைச் சுற்றிச் சின்ன எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன.

"என்னாம்மா, உப்புல சக்கரை கலக்குறீங்களா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். சர்க்கரை விற்கிற விலை என்ன, உப்பு போகிற விலை என்ன, அதை இதில் கலக்க எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் தராசைப் பற்றி, அவர் பேரம் பேசுகிற லட்சணத்தைப் பற்றி, அவருடைய டிரைவர் எங்கள் வரப்பை உடைத்ததைப் பற்றியெல்லாம் பேசி முடித்தபோது, லாரி பாதி உப்போடு கிளம்பிப் போய்விட்டிருந்தது. எனக்கு அப்படித்தான். வாய் ஒரு தடவை திறந்துவிட்டால் பிறகு அது என் பேச்சைக் கேட்காது.

மரக்காணம் உப்பளத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். மோட்டார், லாரி, ஆபீஸ் எல்லாம் அவர். ஆள், வேலை, சண்டை எல்லாம் நான். நான் பிரம்மதேசத்துப் பக்கம் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். அங்கே ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் கத்திக் கத்தித்தான் பேசுவோம். இங்கே வாக்கப்பட்டு வந்து இத்தனை வருஷமாகியும் தொண்டை மட்டும் மாறவில்லை. எங்களிடம் உப்பு வாருகிற பெண்கள் ஐந்து பேர். என் குரல் கேட்டால் அடுத்த குத்தகைக்காரரின் ஆட்கள்கூட நிமிர்ந்து வேலை செய்வார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பெருமையாகச் சொல்கிறாரா, வேதனையாகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரிந்ததில்லை.

வியாபாரி போனதும் இவர் ஒரு ஸ்டூலையும் குடையையும் எடுத்துக்கொண்டு அம்பாரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தார். எவன் வந்து என்ன ஊற்றுகிறான் என்று பார்த்துவிடுவது என்று தீர்மானம். ரொம்ப நேரம் ஆகவில்லை. மேஸ்திரி வந்தார்.

மேஸ்திரி என்பது எங்கள் பூனை. மஞ்சள் நிறம், உருண்டைத் தலை, தடித்த வால். ஒரு மழைக்காலத்தில் ஏதோ ஒரு லாரியின் சாக்கு மூட்டைமேல் தூங்கிக்கொண்டே வந்தது. லாரி போய்விட்டது, இது போகவில்லை. காலையில் பெண்கள் உப்பு வாருகிற பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கியதும் இது வாலைத் தூக்கிக்கொண்டு வரப்பின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு நடை போகும். ஒவ்வொரு பாத்தியிலும் நின்று பார்க்கும். அதனால் அந்தப் பெண்கள் மேஸ்திரி என்று பேர் வைத்துவிட்டார்கள். எங்களிடம் மேஸ்திரி வேலை பார்ப்பவள் நான். அதை அவர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இவர் கண் எதிரிலேயே மேஸ்திரி கீற்றுக்குள் நுழைந்து, உப்பைக் காலால் பறித்து, உட்கார்ந்து, முடித்து, மூடிவிட்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் எறும்பும் வந்தது. அந்த மூலையிலிருந்த உப்பையெல்லாம் வாரி ஓடையில் கொட்டிவிட்டோம். படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம்.

இவர் ஸ்டூலை மடக்கிக்கொண்டு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எங்க அப்பா கொல்லப்பக்கம் போயிட்டு வந்தாலும் இப்படித்தான் எறும்பு மொய்க்கும். பூனைக்குச் சக்கரை வியாதிடி." நான் சிரித்த சிரிப்பில் பாத்தியில் இருந்த பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பூனைக்குச் சர்க்கரையாம், அப்புறம் காக்காய்க்குப் பிரஷரா என்று கேட்டேன்.

ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. மேஸ்திரி கொஞ்ச நாளாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பானைக்கு அடியில் சொட்டுகிறதைக்கூட விடாமல் நக்கும். வேறு ஊரில் என்றால் யாராவது பயந்திருப்பார்கள். உப்பளத்தில் பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் தாகம்தான். நாளெல்லாம் உப்பில் நடந்து, அந்தக் காலையே நக்கி நக்கிச் சுத்தம் செய்கிற பூனை தண்ணீர் குடிக்காமல் வேறு என்ன குடிக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைத்தது. வரப்பில் ஓயாமல் நடக்கிறது, இளைக்காதா என்றோம். எதற்கும் ஒரு பதில் எங்களிடம் இருந்தது.

பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு முதலில் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். மாடு என்றால் நான் பார்ப்பேன், பூனைக்கு ரத்தம் எடுக்கிற ஊசி என்னிடம் இல்லை என்று சொல்லி, புதுச்சேரியில் ஒரு பெண் டாக்டரின் விலாசம் கொடுத்தார். மேஸ்திரியைக் காய்கறிக் கூடையில் வைத்து மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, ஸ்கூட்டரில் ஈ.சி.ஆர். ரோடு முழுக்க அது கத்த, நான் பதிலுக்கு அதைத் திட்ட, போய்ச் சேர்ந்தோம். டாக்டர் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

சர்க்கரைதான். காலையும் சாயந்திரமும் சாப்பிட்டதும் இன்சுலின் ஊசி போட வேண்டும். வேகவைத்த கோழியோ மீனோ மட்டும்தான் சாப்பாடு. பால் கூடாது, பிஸ்கட் கூடாது, சோறு கூடாது, நடுவில் எதுவும் கூடாது. ஊசியின் அளவே சாப்பாட்டைப் பொறுத்துத்தான், அதனால் அது என்ன சாப்பிடுகிறது என்று உண்மையைச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். நான் போடுவதைத் தவிர அது வேறு எதையும் தொடாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்சுலின் போடுவது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று டாக்டர் கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிக் காட்டினார். அவர் கையில் பூனை பஞ்சுமூட்டை மாதிரி இருந்தது. வீட்டில் அது வேறு பிறவி. முதல் நாள் இவர் பிடித்துக்கொள்ள, நான் குத்த, பூனை நழுவ, ஊசி இவருடைய பெருவிரலில் இறங்கியது. மருந்து உள்ளே போகவில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், மனுஷர் சமையலறைக்கு ஓடி அள்ளி அள்ளிச் சர்க்கரை தின்றார். பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. தட்டில் வாயை வைத்திருக்கும்போதே குத்திவிட்டால் அது கண்டுகொள்வதில்லை. சாப்பாடு முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம் என்கிற கொள்கை. அந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் இவரும் அதுவும் ஒன்றுதான்.

ஊசி சரியாக விழ ஆரம்பித்ததும் எனக்கு ஒரு வெறி வந்தது. இந்தப் பூனையைப் பிழைக்க வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஏன் இவ்வளவு என்றால், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த உப்பளத்தில் நான் கத்தினாலும் ஓடாத ஒரே ஜீவன் அதுதான். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தும்போது, என் காலடியில் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, குளிர்காற்று வாங்குகிற மாதிரி இருக்கும். என்னை அப்படிப் பொறுத்துக்கொண்டவர்கள் என் வாழ்க்கையில் அதிகம் பேர் இல்லை. அந்தப் பூனைமேல் எனக்கு உயிர்.

அதனால் சர்க்கரையைத் தடை செய்தேன். வீட்டில் டப்பாவைக் காலி செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். வெல்லம் போயிற்று, தேன் பாட்டில் போயிற்று. உப்பளத்துக்கு டீ கொண்டுவருகிறவரிடம், இனிமேல் எங்கள் கொட்டகைக்குச் சர்க்கரை போடாத டீதான் வர வேண்டும், சர்க்கரை டப்பாவோடு வந்தால் கேனோடு ஓடையில் தள்ளிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். பெண்களைக் கொட்டகையில் நிற்க வைத்து, இனி மேஸ்திரிக்கு ஒரு பருக்கை போட்டதாகத் தெரிந்தாலும் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றேன்.

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் மூத்தவள் கீழ்புத்துப்பட்டில் பிறந்தவள், நான் இங்கே வந்த நாளிலிருந்து பழக்கம். அவள் மட்டும், பூனைக்குச் சர்க்கரை என்றால் நாங்கள் ஏன் கசப்பு டீ குடிக்க வேண்டும் என்று கேட்டாள். நீ குடித்த டம்ளரை அது நக்கும், அதற்காகத்தான் என்றேன். உப்பு வாருகிற வேலை என்ன வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். வெயில் மேலிருந்தும் அடிக்கும், பாத்தித் தண்ணீரிலிருந்தும் அடிக்கும். நடுவில் வருகிற அந்த ஒரு டம்ளர் டீதான் அவர்களுக்குத் தெம்பு. அதையும் கசப்பாக்கினேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இவ்வளவு செய்தும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். மறுபடி போனோம், இறங்கவில்லை, மறுபடி கூட்டினார். வேறு ஏதாவது சாப்பிடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். என் உப்பளத்தில் என்னைக் கேட்காமல் ஒரு ஈ கூட உட்காராது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அப்போதெல்லாம் இவர் சுவரில் மாட்டியிருந்த நாய் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். நாய்மேல் இவருக்கு இவ்வளவு பிரியம் எப்போது வந்தது என்று நான் யோசித்ததுண்டு.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள் வந்தது. சீசனில் எங்களுக்கு லீவு என்பதே கிடையாது. அந்த ஒரு நாள்தான் ஒருத்தரும் வர மாட்டார்கள். சர்ச்சுக்குப் போகிற பெண்கள்கூட வர மாட்டார்கள், ஷேர் ஆட்டோக்காரரும் கூழ் குடிக்கப் போய்விடுவார். மோட்டாரைப் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பதால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். மேஸ்திரி வழக்கம்போலக் காலையில் சாப்பிட்டு, ஊசி போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரின் முன்னால் கூடையில் வந்தது.

அன்றைக்கு அது ரொம்ப நேரம் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்கள் வரவில்லையே என்று மேஸ்திரிக்குக் கவலை போலிருக்கிறது என்று இவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

வெயில் உச்சிக்கு வருகிற சமயம். நான் வரப்பில் நின்றேன், அது என்னை நோக்கி நடந்து வந்தது. நடை சரியில்லை. பின்னங்கால் இரண்டும் குடித்தவன் கால் மாதிரி ஒரு பக்கமாக இழுத்தன. பாதி வழியில் சாய்ந்து பாத்தித் தண்ணீரில் விழுந்தது. பூனை தண்ணீரில் விழுந்தால் துள்ளி எழ வேண்டும். இது எழவில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். வாயில் எச்சில் வழிந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. பிறகு உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

உப்பளத்தில் யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நிழலில் படுக்க வை, முகத்தில் தண்ணீர் அடி, உப்புப் போட்ட மோர் கொடு. கை தானாக அந்த வேலையைச் செய்யும். இவர் தண்ணீர் அடித்தார், மோர்ப் பாத்திரத்தைத் திறந்தார். அந்த மோரை அதன் வாயருகே கொண்டுபோன பிறகுதான், இது வெயில் இல்லை என்று எனக்குப் பொறி தட்டியது. டாக்டருக்குப் போன் போட்டேன்.

நான் சொல்வதைப் பாதியில் நிறுத்திவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது, அடியோடு இறங்கிவிட்டது, மோரையெல்லாம் கீழே வையுங்கள், தொண்டையில் எதையும் ஊற்றாதீர்கள், சர்க்கரையைக் குழைத்து ஈறில் தடவுங்கள், உடனே தடவுங்கள், தடவிக்கொண்டே கிளம்பி வாருங்கள் என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் வெள்ளை. பாத்தியில் வெள்ளை, வரப்போரம் குவித்தது வெள்ளை, அம்பாரம் அம்பாரமாக வெள்ளை. அத்தனையும் உப்பு. அதில் ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. வீட்டுக்குப் போனாலும் கிடையாது, நானேதான் தூக்கிக் கொடுத்தேன். டீக்காரர் வர மாட்டார், வந்தாலும் கொண்டுவர மாட்டார். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். "போயிடாதடா, போயிடாதடா" என்று அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். எனக்குக் கத்தக்கூட வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் எழும்பவில்லை.

இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொட்டகைக்குள் ஓடினார். பெண்கள் மாற்றுச் சேலை, தலைத்துண்டு, காலுக்குப் போடுகிற எண்ணெய் எல்லாம் வைக்கிற மஞ்சப்பைகள் மூங்கிலில் தொங்கும். நேராகக் கீழ்புத்துப்பட்டுக்காரியின் பையில் கையை விட்டு, வெற்றிலைச் சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டே வந்தார். சர்க்கரை. ஒரு டம்ளரில் கொட்டி, சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து நீட்டினார்.

அதன் உதட்டைத் தூக்கி ஈறில் தடவினேன். மறுபடி தடவினேன். பொட்டலம் தீர்ந்தது. இவர் அடுத்த பைக்குப் போனார். அங்கே குளுக்கோஸ் பவுடர் இருந்தது. அடுத்ததில் கமர்கட்டு. அதற்கடுத்த பையை அவசரத்தில் இழுத்தபோது பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த கொட்டாங்கச்சிகள் சரிந்து உருண்டன. ஒன்றில் பாலாடை காய்ந்து ஒட்டியிருந்தது. அதையெல்லாம் பார்த்தேன், ஆனால் மனசு எதையும் வாங்கவில்லை.

இழுப்பு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் ஒரு ஆள் வந்து நின்ற மாதிரி இருந்தது. பிறகு மேஸ்திரி என் விரலைக் கடித்தது. ரத்தம் வரக் கடித்தது. இன்னும் தழும்பு இருக்கிறது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

புதுச்சேரி போகிற வழியெல்லாம் தடவிக்கொண்டே போனேன். டாக்டர் சாயந்திரம் வரைக்கும் வைத்திருந்து டிரிப்ஸ் ஏற்றி, பிழைத்துக்கொண்டது என்று சொன்ன பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த டோஸைத் தாங்குற அளவுக்குச் சாப்பாடு எங்கிருந்தோ வந்துட்டே இருந்திருக்குங்க. இன்னைக்கு வரல. அவ்ளோதான்."

என் உப்பளத்தில் என்னைக் கேட்காமல் என்று ஆரம்பித்தவள், நிறுத்திவிட்டேன். கொட்டாங்கச்சிகள் அப்போதுதான் என் கண்முன் வந்தன. ஐந்து இருந்தன. இல்லை, ஆறு. இவர் நாய் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, அந்தச் சர்க்கரை அங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். டீயில் போட்டுக் குடிப்போம் என்றார். யார் யார் என்றேன். எல்லாரும் என்றார். மேஸ்திரிக்கு என்ன போட்டீர்கள் என்றேன். மதியம் என் மீனில் பாதிதான், அப்புறம் டீயில் நனைத்த பிஸ்கட் ஒன்று என்றார். பிறகு கூடையை வண்டியில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "எல்லாருக்கும் எல்லாம் தெரியும். உங்கிட்ட சொல்லத்தான் பயம்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. கீழ்புத்துப்பட்டு தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. பூனைக்கு மருந்து கூட்டினது டாக்டர் இல்லை, என் வாய்தான். ஒருத்தி வாயைத் திறந்து, அக்கா நான் ஒரு பிடி சோறு போட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த ஊசியின் அளவு ஏறியிருக்காது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் பெண்கள் வந்தார்கள். பைகள் கலைந்து கிடப்பதைப் பார்த்தார்கள். பொட்டலங்கள் இல்லை. ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. பலகையை எடுக்கவும் தைரியம் இல்லாமல், வரிசையாக நின்றுகொண்டு என் வாயைப் பார்த்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். வெட்டி வெட்டி இழுத்ததையும் சொன்னேன். கடைசிப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

யார் என்ன போட்டீர்கள், சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்ல வேண்டும், நான் கத்த மாட்டேன் என்றேன். யாரும் நம்பவில்லை. சாமி சத்தியமாக என்றேன். அப்புறம் ஒருத்தி பழைய சோறு என்றாள். ஒருத்தி பாலாடை. ஒருத்தி இட்லி, அதுவும் சாம்பாரில் நனைத்து. ஒருத்தி பேரப்பிள்ளைக்கு வாங்குகிற கிரீம் பிஸ்கட்டில் நடுவிலிருக்கிற கிரீம் மட்டும், அதற்கு அதுதான் பிடிக்கும் என்றாள். ஒவ்வொருத்தியும் தான் போடுவது ஒரு வாய்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்திருக்கிறாள். கேட்கக் கேட்க எனக்கு உள்ளே கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் தூரத்தில் மோட்டார் ரூம் வாசலில் நின்று, என்ன நடக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்புத்துப்பட்டுக்காரி கடைசியாகப் பேசினாள். "குடுக்காதன்னு சொன்னா நாங்க எப்படிக்கா சாப்புடறது? பக்கத்துல வந்து உக்காந்து வாயப் பாக்குதே. என்னா குடுக்கலாம்னு சொல்லுங்க. குடுக்காதன்னு மட்டும் சொல்லாதீங்க."

டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அத்தனை பேரும் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். கிரீம் வந்தபோது மட்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். மருந்தைப் பாதிக்குமேல் குறைத்தார். மதியத்தில் வேகவைத்த கோழி ஒரு சின்னத் துண்டு கொடுக்கலாம், தினமும் ஒரே அளவு, ஒரே ஆள் கையால், மற்றதெல்லாம் நிறுத்துங்கள் என்றார்.

ஒரே ஆள் என்றதும் சண்டை வந்தது. முறை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு நாள். ஐந்து பேருக்கு ஐந்து நாள் போயிற்று. ஆறாவது நாளை, மோட்டார் ரூமிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியாமல் வந்து நின்று, இவர் வாங்கிக்கொண்டார். மிச்சம் வியாழக்கிழமை. அதையும் மூத்தவள் என்ற முறையில் கீழ்புத்துப்பட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். எல்லோரும் சரி என்றார்கள். டீக்காரர் வரும்போது பழையபடி சர்க்கரை போட்டே கொண்டுவரச் சொல்லுங்கள் என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

"எனக்கு?" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நீங்கள்தான் ஊசி போடுகிறீர்களே அக்கா என்றாள் கடைசிப் பெண். அது உண்மைதான். காலையும் சாயந்திரமும் அது சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கிறேன், கையில் ஊசியோடு. ஒரு நாளாவது ஊசியில்லாத கையால் கொடுக்க எனக்கும் ஆசையிருக்காதா? எனக்கும் ஒரு நாள் தாங்கடி என்றேன். அதைக் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டேன், அதிகாரமாக இல்லை. எனக்கே என் குரல் புதுசாக இருந்தது.

கீழ்புத்துப்பட்டுக்காரி வெற்றிலையை மென்றுகொண்டு யோசித்தாள். பிறகு வியாழக்கிழமையைக் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை. "உங்க மொறை அன்னிக்கி கத்தக் கூடாது. காலையிலருந்து வீட்டுக்குப் போற வரைக்கும்." மற்ற நான்கு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இவர் தலை எல்லாரையும்விட வேகமாக ஆடியது. ஒத்துக்கொண்டேன். வேறு வழியில்லை.

அந்த நாளிலிருந்து வியாழக்கிழமை நான் கத்துவதில்லை. ரொம்பக் கஷ்டம். பாத்தியில் சேறோடு உப்பை வாருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேதனை என்று என்னைத்தான் கேட்க வேண்டும். மேஸ்திரி கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. வரப்பில் மறுபடி வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. அம்பாரத்தில் எறும்பு வருவதில்லை.

போன வியாழக்கிழமை மதியம் கொட்டகையில் உட்கார்ந்து என் துண்டுக் கோழியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே திண்டிவனத்து வியாபாரியின் லாரி ரிவர்ஸில் வந்து, போன வாரம்தான் மண் வெட்டிப் போட்டுச் சரி செய்த வரப்பின் மேல் சக்கரத்தை ஏற்றி, அதை அப்படியே பாத்திக்குள் சரித்தது. பெண்கள் ஐந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டது. மேஸ்திரி என் மடியில் கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கீழ்புத்துப்பட்டுக்காரி பாத்தியிலிருந்து ஏறி வந்து, குனிந்து, என் உள்ளங்கையைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

"சாப்ட்டு முடிச்சிடுச்சிக்கா," என்றாள். "இப்போ கத்துங்க."